மாப்புளை வளர்த்த கப்பி மீன்கள்

இந்த வீட்டில் தன் பேச்சுக்குக் கட்டுப்பட்ட உயிர் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று இஃப்திகார் தீர்மானம் எடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை, பிரியாணி முடிந்த நேரம். வயிறு நிறைந்தால் அவருக்கு வீரம் வந்துவிடும். பசித்திருக்கும்போது நல்ல மனுசன்.

"ராவியத்து! இங்கன வா. ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"மொதல்ல கையைக் கழுவுங்க," என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "சோத்துக்கையோட நீங்க எடுத்த முடிவு எதுவும் இந்த வீட்டுல நின்னதில்ல."

அவர் எழுந்து போய்க் கழுவினார். தண்ணீரோடு வீரமும் கொஞ்சம் போனது.

ஊர் வழக்கத்தைச் சொல்லாவிட்டால் இவருடைய வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. கீழக்கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற பேச்சே கிடையாது. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைத்துக்கொள்வார்கள். வந்தவர் அன்றிலிருந்து மாப்புளை. தலை நரைத்தாலும் மாப்புளை, பல் விழுந்தாலும் மாப்புளை. மரியாதைக்கு ஒரு குறையும் வராது. விளைமீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. ஆடு அறுத்தால் ஈரல் அவருக்கு. ஆனால் அடுப்படி, பின்கட்டு, கிணற்றடி, பின்வாசல் சந்து எல்லாம் பெண்கள் புழங்குகிற இடம். அங்கே மாப்புளை கால் வைக்கக் கூடாது. தண்ணீர் தவித்தால் நடையில் நின்று இரும வேண்டும். சொம்பு வரும்.

சவூதியில் இருந்தவரை இஃப்திகாருக்கு இது உறைக்கவில்லை. லீவுக்கு வருவார், விருந்தாளியாகத் தின்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளேன் ஏறிவிடுவார். இப்போது ஊரோடு வந்துவிட்டார். வந்த பிறகுதான் தெரிந்தது, வீடு அவர் இல்லாமலே ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது என்று. தண்ணீர் லாரிக்காரன் வந்தால் "அம்மா இருக்காங்களா?" கரண்டு வேலைக்காரன் வந்தால் "அம்மாவைக் கூப்பிடுங்க." வீட்டுப் பூனைகூட அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனது. ராவியத்து ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாக நின்றே மகள் கல்யாணத்தை முடித்தவள், மொட்டைமாடி ஒழுகலை அடைத்தவள், வாடகை தராமல் இழுத்தடித்த கடைக்காரனை ஒரு டம்ளர் டீயோடு காலி செய்ய வைத்தவள். குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்துகிற தேவை அவளுக்கு வந்ததே இல்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே அவளைக் கண்டால் எழுந்து நிற்கத் தோன்றும்.

"கழுவியாச்சுல்ல, இப்பச் சொல்லுங்க."

"கப்பி மீன் வளர்க்கப் போறேன்."

"கொழம்புக்கா?"

"அட, கலர் மீனு புள்ள! கண்ணாடித் தொட்டியில விட்டா அதுபாட்டுக்குக் குட்டி போடும். பெருகும். விக்கலாம். புதுசா வளர்க்கிறவங்களுக்குன்னே ஆண்டவன் படைச்ச மீனாம். வீடியோவுல ஒருத்தன் சொன்னான்."

"உங்களுக்கு மீன் வளர்க்கத் தெரியுமா?"

"என்கிட்டயா கேக்குற? எங்க வாப்பா சங்குத் தோணி வச்சிருந்தவரு!"

வாப்பா தோணி வைத்திருந்தது உண்மைதான். வாப்பாவின் மகன் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தம்மாமில் ஏசி போட்ட குடோனில் ஸ்டோர் கீப்பராக உட்கார்ந்திருந்தவர். ராவியத்து அதைச் சொல்லிக்காட்டவில்லை. "மாஷா அல்லா, செய்யுங்க," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் ஒதுக்கப் போய்விட்டாள்.

இந்தத் தீர்மானம் விளையாட்டாகவே முடிந்திருக்கும். மறுநாள் ராவியத்தின் காக்கா, அதாவது அண்ணன், காஜா நவாஸ் சென்னையிலிருந்து போன் போட்டதில் கதையே மாறியது. காஜா நவாஸ் அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குடும்பத்தில் மறுவார்த்தை கிடையாது.

"மச்சான், தோஹாவுல ஒரு விசா வந்திருக்கு. உங்க வேலைதான். எப்பக் கெளம்புறீங்க?"

இஃப்திகார் அவசரமாக மறித்தார். "இல்ல மச்சான், நான் இங்கன தொழில் ஆரம்பிச்சிருக்கேன்."

"என்ன தொழிலு?"

"மீனு."

"மீன்பிடி போட்டு வாங்கியாச்சா?"

"தொட்டி வாங்கணும்."

காஜா நவாஸ் நிதானமாகச் சொன்னார். "சரி மச்சான். பெருநாள் கழிச்சு ஊருக்கு வாரேன். தொழில்னு ஒண்ணு என் கண்ணுக்குத் தெரிஞ்சா விசாவை வேற ஆளுக்குக் கொடுத்திடுறேன். தெரியலைன்னா நீங்க பெட்டியைக் கட்டணும். சும்மா உக்காந்திருந்தா நாளைக்கு உங்களுக்கே கசந்து போகும்."

தப்பான பேச்சு இல்லை. ஆனால் இஃப்திகாருக்குப் போக மனசில்லை. மகள் நடக்கப் பழகியதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவர். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட பிறகு வந்து சேர்ந்தவர். மனைவியோடு ஒரு தட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விடப் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்ட நாட்கள்தான் அதிகம். இனி அந்தப் பிளேன் படியில் கால் வைப்பதில்லை என்று அவர் மனசுக்குள் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியம் இப்போது ஒரு சுண்டுவிரல் நீள மீனின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

உடனே பஸ் ஏறி ராமநாதபுரம் போனார். அங்கே வேல்ராஜ் என்பவர் கலர் மீன் கடை வைத்திருந்தார்.

"கப்பி வேணும். உள்ளதுலயே ஒசத்தியானது," என்றார் இஃப்திகார்.

வேல்ராஜ் தொட்டியைக் காட்டினார். நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வாலை விசிறியாக விரித்துக்கொண்டு மீன்கள் திரிந்தன. நடுவே வாலும் இல்லாமல் வண்ணமும் இல்லாமல், அழுக்குத் தண்ணீர் நிறத்தில் தடித்த சில மீன்கள் கிடந்தன. இஃப்திகார் விரல் நீட்டி நீட்டி அழகானதாகவே பொறுக்கினார்.

"பாய், அதுலயும் ரெண்டு மூணு எடுத்துக்கிட்டா..."

"அதை யாரு வாங்குவா? எனக்குக் கலர் உள்ளதைப் போடுங்க தம்பி."

"இல்ல பாய், அது வந்து..."

"தம்பி, எங்க வாப்பா சங்குத் தோணி வச்சிருந்தவரு."

வேல்ராஜ் அவர் பொறுக்கியதையே பையில் போட்டார். கடைசியில் மனசு கேட்காமல் தடித்த மீன்கள் மூன்றைத் தனிப் பையில் பிடித்துக் கொசுறாகக் கொடுத்தார். இஃப்திகார் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையை ராவியத்திடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோயி பின்கட்டுத் தண்ணித் தொட்டியில கொட்டு. கொசுப் புழுவைத் திங்கட்டும்."

ராவியத்து பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "என்னாங்க, இது ஒண்ணொண்ணும் வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கே."

"தின்னு கொழுத்தது."

"உங்க தொட்டியில இருக்கிறது எல்லாமே ஒண்ணுபோல வாலை விரிச்சுக்கிட்டுத் திரியுது. அம்புட்டும் ஆம்பளையா இருக்குமோ?"

இஃப்திகார் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீரே ஆடியது. "ஏம்புள்ள, பெருநாளைக்குச் சரிகை போட்டு உடுத்துறது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதான்."

"கடையில போயி கலர் கலரா எடுத்துப் போடச் சொல்றது?"

"பொம்பளைதான்."

"அப்ப இது என்ன? அம்புட்டும் பொம்பளை! ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்பளை போதும். அந்தா, வாலு கொஞ்சம் கிழிஞ்சு ஓரமா ஒதுங்கி நிக்குது பாரு, அதுதான் மாப்புளை."

ராவியத்து அந்த ஓரத்து மீனையும் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். போகிற போக்கில் அந்த மூன்றையும் பார்த்து, "வாங்கடி," என்றாள்.

மீனுக்கும் மாப்புளை மரியாதைதான் செய்தார் இஃப்திகார். வீட்டில் குடிக்க வைத்திருந்த காவிரித் தண்ணீரை, குழாயில் பிடித்த சூட்டோடு, மருந்து வாசனை போகாமல் தொட்டியில் ஊற்றினார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "பாரு, நன்றி சொல்லுது," என்றார். ராவியத்து ஓடி வந்து, கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் இறைத்து வந்து மாற்றி ஊற்றியிராவிட்டால் அன்றைக்கே மொத்தமும் மௌத்தாகியிருக்கும். அப்படியும் இரண்டு போயே போயின. அவற்றை அவர் முன்வாசல் கொய்யா மரத்தடியில் மரியாதையாக அடக்கம் செய்தார்.

அதன் பிறகு ஒரு மாசமாகத் தொட்டியின் முன்னால் தவம். குட்டி வரவில்லை. ஆனால் ஒரு நீல வால்காரி மட்டும் தினம் தினம் பருத்துக்கொண்டே வந்தாள். போடுகிற தீனியில் பாதியை அந்த ஒரு மீனே தின்றுகொண்டிருந்தது என்பது வேறு விசயம்.

"ராவியத்து! ராணி உண்டாயிருக்கா!"

"யாரு ராணி?"

"இவதான். பேரு வச்சிருக்கேன். வயித்தைப் பாரு."

ராணியை ஊறுகாய் ஜாடிக்குத் தனியாக மாற்றினார். ஜாடியின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினார். முன்கட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. மத்தியானம் மிக்சி ஓட்டக் கூடாது. பூனை படியேறக் கூடாது.

"தலைப்பிரசவமா?" என்று ராவியத்து கேட்டாள். முகத்தில் ஒரு சுளிவு இல்லை.

"ஆமா."

"பேரீச்சம்பழம் கொடுக்கலாமா?"

"நீ கேலி பண்றியா?"

"நான் ஏங்க கேலி பண்றேன்? பெத்தவளுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். ஆனா இவ வாலை விரிச்சு ஆடுற ஆட்டத்தைப் பார்த்தா உண்டாயிருக்கிற மாதிரி தெரியலை. வெளிநாட்டுலருந்து லீவுக்கு வந்தவரு மாதிரில்ல இருக்கு."

இஃப்திகாருக்குக் கோபம் வந்தது. ஆனால் சத்தம் போடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். வாயை மூடிக்கொண்டார். ராணி நாளெல்லாம் தின்றாள், பருத்தாள், பெறவில்லை. பெருநாளும் வந்து போயிற்று. அவர் முகம் நாளுக்கு நாள் தொங்கியது. சாப்பாட்டில் நடுத்துண்டைக்கூட ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து தொட்டியைப் பார்த்தவர் ஓவென்று கத்தினார். தொட்டிக்குள் கண்ணும் வாலும் மட்டுமாக, கொசு அளவில், துடித்துத் துடித்துக் குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன! ராணி ஜாடியில் இருக்க, குட்டி தொட்டியில் எப்படி வந்தது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. வேறு எவளோ பெற்றுவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ்! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். தொதல் அல்வா வாங்கி வந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். "என்ன விசேஷம், மகளுக்கா?" என்று கேட்டவர்களிடம், "இல்ல, நமக்குத்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர்கள் திகைத்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போகும்போது குட்டிகள் பாதியாகியிருந்தன. சாயங்காலம் அசருக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வண்ண வால்காரிகள் எல்லாம் வயிறு புடைக்கச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"யா அல்லா! பெத்த தாயே புள்ளையைத் தின்னுட்டாளே!"

ராவியத்து வந்து பார்த்தாள். "கொஞ்சம் பாசி போட்டு வச்சா குட்டி ஒளிஞ்சு பொழைச்சுக்கிடும். இப்படித் துடைச்சு வச்ச தொட்டியில அது எங்கன போயி ஒளியும்?"

"பாசியைப் போட்டா பார்க்க நல்லாவா இருக்கும்? குளம் மாதிரி ஆயிரும்."

"ஆமா, மீனுக்குக் குளம் ஆகாதுல்ல," என்றாள் அவள்.

அன்று பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு காஜா நவாஸ் போன் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமை கீழக்கரைக்கு வருவதாகச் சொன்னார். இஃப்திகார் போனை வைத்துவிட்டு முன்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராவியத்து டீயைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகணும்னு இருக்கா உங்களுக்கு?"

"யாருக்கு ஆசை? இங்கன நான் இருமுனா சொம்பு வருது. அங்கன இருமி இருமிச் செத்தாலும் ஏன்னு கேக்க ஆளில்ல புள்ள."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு டீயை ஆற்றினார். ராவியத்து அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "அல்லா ஒரு வழி விடுவான். கவலைப்படாமச் சாப்பிடுங்க," என்றாள்.

அல்லா விடுகிற வழிக்கு இஃப்திகார் காத்திருக்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டதில் அவருக்கே ஒரு வழி தோன்றிவிட்டது. என்ன பெரிய வழி! வேல்ராஜ் கடையில் கப்பிக் குஞ்சு கிடைக்காதா? ஒரு பை நிறைய வாங்கி வந்து தொட்டியில் விட்டால் போயிற்று. பிறந்த மீனுக்கும் வாங்கிய மீனுக்கும் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? மச்சானுக்கும் தெரியாது, ராவியத்துக்கும் தெரியாது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"ஆதார் கார்டுல ஒரு திருத்தம் இருக்கு. ராமநாதபுரம் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க. வெயிலு கடுமையா இருக்கு, தலையில துண்டைப் போட்டுக்கிடுங்க," என்றாள் ராவியத்து.

வேல்ராஜ் கடையில் நுழைந்ததும் இஃப்திகார் நின்றுவிட்டார். நடுத் தொட்டியில் இளங்கப்பிகள், நகத்தளவு, அப்போதுதான் வாலில் நிறம் ஊறிக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன சுறுசுறுப்பு! அவர் ஜாடியில் கிடந்த ராணி இவற்றின் முன்னால் சோற்று மூட்டை.

"எங்க சரக்கு தம்பி இது?"

"நம்ம பக்கத்து வளர்ப்புதான் பாய். உப்புத் தண்ணியிலயே பொறந்து வளர்ந்தது. வெளியூரு மீனு நம்ம தண்ணியில தங்காது. இது கல்லு மாதிரி நிக்கும். நான் இப்ப வேற எங்கயும் வாங்குறதில்ல."

"வளர்க்கிறது யாரு?"

வேல்ராஜ் பிடரியைச் சொறிந்தார். "ஒரு கைராசிக்காரங்க பாய்."

"பெரிய வித்தைக்காரனா இருப்பான் போல. தொழில்னா இப்படில்ல செய்யணும்! அந்த ஆளை ஒரு தடவை நேர்ல பார்த்துக் கையைக் குலுக்கணும் தம்பி."

"பார்ப்பீங்க பாய், பார்ப்பீங்க," என்றார் வேல்ராஜ். பிறகு "ஒரு நிமிசம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது வாய் காதுவரை போயிருந்தது. வலையை எடுத்துத் துடிப்பான மீனாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார். விலையில்தான் சல்லிக் காசு குறைக்கவில்லை. எவ்வளவு பேரம் பேசியும், "மேலிடத்து உத்தரவு பாய்," என்று சொல்லிவிட்டார்.

மீன் பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இஃப்திகார் வீடு வந்தார். நல்ல வேளையாக ராவியத்து பின்கட்டில் இருந்தாள். பையைத் தொட்டியில் கவிழ்த்தார், வெறும் பையைத் தலையணைக்கடியில் சொருகினார். அப்புறம் குரலை உயர்த்தினார்.

"ராவியத்து! ஓடியா! குட்டி பொறந்திருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். கன்னத்தில் கை வைத்தாள். "சுப்ஹானல்லாஹ்! பொறக்கும்போதே இம்புட்டுப் பெருசா?"

"சத்தான தீனி புள்ள. கடையில உள்ளதுலயே ஒசத்தியானதுல்ல."

"வாலுல கலரோட பொறந்திருக்கே!"

"அது... அதுவும் தீனிதான்."

"அப்பக் காக்காவுக்கு விசா வேண்டாம்னு சொல்லிரலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இஃப்திகார் தொட்டியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். இந்த வீட்டில் முதல்முறையாக ஒரு காரியத்தை அவளுக்குத் தெரியாமல் சாதித்திருக்கிறார்!

வெள்ளிக்கிழமை வந்தது. காஜா நவாஸும் வந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலையும் போட்டாயிற்று. மச்சான்கள் இருவரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

புதுசாக விட்ட மீன்கள் அடியில் ஒரு மூலையில் அப்பிக்கொண்டு கிடந்தன. இஃப்திகார் தீனியை எடுத்துத் தூவினார். ஒன்றும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தட்டினார். இன்னும் ஒடுங்கின.

"என்ன மச்சான், மீனு உங்களைக் கண்டா மெரளுது? நேத்து வந்ததுங்க மாதிரில்ல கெடக்குது."

இஃப்திகார் தீனி டப்பாவைக் கீழே வைத்தார். "வெக்கம் மச்சான். புது ஆளு முன்னால வராது."

"புது ஆளு நான் சரி. நீங்களுமா?"

காஜா நவாஸ் சட்டைப்பையில் இருந்த விசாத் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இஃப்திகாரின் கண்ணுக்குத் தோஹா விமான நிலையமே தெரிந்தது. அந்த நேரத்தில் ராவியத்து டீத் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டை மேசையில் வைக்கும்போது வளையல் கலகலவென்றது.

அவ்வளவுதான். மூலையில் கிடந்த கூட்டம் முழுக்கத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அவள் நின்ற பக்கக் கண்ணாடியில் வாயை வைத்து முட்டி மோதியது. அவள் சர்க்கரைக் கிண்ணத்தை எடுக்க இடது பக்கம் நகர்ந்தாள். மீன்கள் இடது பக்கம் ஓடின. காக்காவுக்கு டம்ளரை நீட்ட வலது பக்கம் வந்தாள். மீன்கள் வலது பக்கம் ஓடின. காஜா நவாஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்தார். இஃப்திகார் அவளையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் வாங்கி வந்த மீனுக்கு இவளை எப்படித் தெரியும்?

"என்னா ராவியத்து, உன்னைக் கண்டா இப்படி ஓடி வருது! வளர்க்கிறது யாரு, நீயா மச்சானா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. அவள் உண்மையைச் சொன்னால் இஃப்திகார் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாவதானமாகச் சொன்னாள்.

"நான் எங்கன வளர்க்க, காக்கா? எனக்கு அடுப்படியே சரியா இருக்கு. எல்லாம் அவுக பழக்குனதுதான். அவுகளுக்கு நான் டீ கொண்டாரப்பவெல்லாம் தீனி போட்டுப் பழக்கி வச்சிருக்காக. வளையல் சத்தம் கேட்டா மீனு மேல வரணும்னு. ராவும் பகலும் இதே வேலைதான். பார்க்கப் பாவமா இருக்கும்."

காஜா நவாஸ் எழுந்தார். மச்சானை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "மீனைப் பழக்குறவரு உலகத்துல எதையும் பழக்கிருவாரு மச்சான்! நான் உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன். விசாவை இன்னைக்கே வேற ஆளுக்குக் கொடுத்திடுறேன். நீங்க இங்கனயே இருங்க." காரில் ஏறும்வரை அந்த வியப்பு அவருக்குத் தீரவில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் இஃப்திகார் கதவைச் சாத்தினார்.

"புள்ள, உள்ளதைச் சொல்லு. அந்த மீனுக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"வளர்த்தவளைத் தெரியாமப் போகுமா? வாங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மிதிக்காத பின்கட்டுக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் தொட்டியைக் காட்டினாள். உள்ளே பச்சைப் பசேலென்று பாசி. பாசிக்கு இடையில் குஞ்சும் குட்டியுமாக ஒரு ஊரே குடியிருந்தது. அவர் கொசுவுக்கு விட்ட அந்த அழுக்கு நிறப் பெண்கள் மூவரும் நடுவில் பெரிய வீட்டுக்காரிகளாக நீந்திக்கொண்டிருந்தார்கள். ராவியத்து வளையலைத் தட்டி, ஒரு சிட்டிகை மாசிக் கருவாட்டுத் தூளைத் தூவினாள். தொட்டியே கொதித்தது.

இஃப்திகார் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு என் தொட்டியில வந்த குட்டி?"

"உங்க மொகம் கெடந்த கெடைக்குப் பார்க்கச் சகிக்கலை. ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். உங்க ஆம்பளைங்க சாயங்காலத்துக்குள்ள தின்னு ஏப்பம் விட்டுட்டாங்க."

"ராணி?"

"ராஜா."

"அப்ப வேல்ராஜ் கடையில இருக்கிறது..."

"நம்ம வீட்டுதுதான். இங்கன எடம் பத்தலை. தீனி டப்பாவுல அவர் நம்பர் இருந்துச்சு, போன் போட்டேன். நீங்க ஜும்மாவுக்குப் போற நேரமாப் பின்வாசலுக்கு வந்து அள்ளிக்கிட்டுப் போவாரு. அன்னைக்கு நீங்க கடையில நிக்கையில, 'அக்கா, பாய் வந்திருக்காரு, என்ன செய்யட்டும்'னு கேட்டாரு. நல்லதாப் பார்த்துக் கொடுங்கன்னு சொன்னேன்."

"ஏம்புள்ள, இம்புட்டையும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? உங்க வாப்பா தோணி வந்து குறுக்க நிக்கும்." பிறகு அவள் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் உங்களை அனுப்பணும்னு ஆசையா? போன்லயே குடும்பம் நடத்துனது போதும். காக்காகிட்டக் காட்ட ஒண்ணு வேணும்ல. அதான்."

இஃப்திகாருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியை இத்தனை வருசம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோமே என்று வருந்தினார். மனம் நிறைந்து அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று வேல்ராஜின் மேலிடத்து உத்தரவு நினைவுக்கு வந்தது.

"அது சரி புள்ள, கட்டுன புருசன்னு வெலையில கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"யாவாரத்துல புருசன் என்னாங்க, பொண்டாட்டி என்னாங்க?" என்றாள் ராவியத்து, மாசி டப்பாவை மூடிக்கொண்டே. "இனிமே மீனு வேணும்னா இங்கன வந்து என்கிட்டயே வாங்கிக்கிடுங்க. பஸ்சுக் காசாச்சும் மிச்சமாகும்."